ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத சக்கரங்கள்

ஸ்கூட்டர் கிடைத்துவிட்டதாகக் கடலூரிலிருந்து போன் வந்தபோது பழனிவேல் லால்பேட்டைக்காரர் ஒருவருக்கு வாரிசுச் சான்றிதழ் மனு எழுதிக்கொண்டிருந்தார். சிதம்பரம் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மடக்கு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டு வெள்ளைத்தாள். பதினாறு வருஷமாக அதுதான் அவர் பிழைப்பு. பேசியவர் ஒரு போலீஸ் ஏட்டு, பெயர் கலியமூர்த்தி. வண்டிச் சோதனையில் ஒருவன் சிக்கியதாகவும், அவன் காட்டிக்கொடுத்த ஏழு வண்டிகளில் பழனிவேலுடையதும் ஒன்று என்றும், வந்து அடையாளம் பார்க்கும்படியும் சொன்னார். பழனிவேல் பேனாவை மூடாமலே சட்டைப்பையில் செருகிக்கொண்டார். லால்பேட்டைக்காரர் தன் மனு பாதியில் நிற்பதைப் பார்த்தார், பிறகு எழுதுகிறவரின் முகத்தைப் பார்த்தார். "நல்ல சேதி போல இருக்கு, போயிட்டு வாங்க பாய், நாளைக்கு வாறேன்" என்று எழுந்துவிட்டார். அவருக்கு எல்லாருமே பாய்தான்.

பழனிவேலுக்கு ஊர் சாமியார்பேட்டை. அந்த ஊரில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் கடலுக்குப் போக வேண்டும். பழனிவேலுக்கு இரண்டு கால்களும் மூன்று வயதிலேயே இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிவிட்டன. அதனால் படித்தார். கையெழுத்து முத்து முத்தாக வந்தது. கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி சிதம்பரம் போய் மனு எழுத ஆரம்பித்தார். பஸ் ஏறி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். கண்டக்டரோ, கூட வரும் பயணிகளோ தூக்கித்தான் ஏற்றுவார்கள். தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். தினம் இரண்டு வேளை நன்றி சொல்லிக்கொண்டே ஒரு மனுஷன் எத்தனை வருஷம் ஓட்டுவான்?

ஆறு வருஷம் முன்னால் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினார். கடலூரில் சிங்காரம் என்கிற மெக்கானிக் அதற்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, பக்கத்துக்கொரு சின்னச் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். ஊரில் இதை மூணு சக்கர வண்டி என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு இருக்கும், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து பழனிவேல் யாரிடமும் நன்றி சொல்லவில்லை. தானே போனார், தானே வந்தார். ஒருமுறை மனைவி அஞ்சலையைப் பின்னால் உட்காரவைத்துத் திருவதிகைக் கோயில் வரை போய்வந்தார். போகவர நூறு கிலோமீட்டருக்கு மேல். இடுப்பு விட்டுப்போய் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாலும், அந்தக் கதையை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டிதான் போன ஆனித் தேர்க் கூட்டத்தில் காணாமல் போனது. சைடு லாக் போட மறந்திருந்தார். பதினோரு மணிக்கு மேசைக்குப் பக்கத்தில் நிழலில் நின்றிருந்த வண்டி, பதினொன்றரைக்கு இல்லை. "இந்த மாதிரி வண்டிய கூடவா எடுப்பானுங்க" என்று தாலுகா ஆபீஸே வாயில் கைவைத்தது.

இனி அவர் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் புகார் கொடுக்கப் போன இடத்தில், "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, உங்க எழுத்து எங்களுக்குத் தெரியாததா" என்று தாளை நீட்டினார்கள். பழனிவேலுக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் மனுவில் எழுத வேண்டும், அதற்கு மேல் ஒரு எழுத்து எழுதினாலும் பின்னால் வில்லங்கம். எத்தனையோ பேருக்கு அதட்டிச் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆர்.சி. புத்தகத்தில் சைடு வீல் கிடையாது. அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிந்திருக்க வேண்டும், இன்றைக்கு நாளைக்கு என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது எழுதினால், "பதியாம எப்படிய்யா மாட்டுன?" என்று தன் மேலேயே திரும்புமோ என்று பயமாகவும் இருந்தது. ஆகவே ஆர்.சி.யில் உள்ளபடியே எழுதினார். இருசக்கர வாகனம், கம்பெனி, நிறம், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் ஒன்றுவிடாமல். வாங்கிப் படித்தவர், "ஒரு திருத்தம் பண்ண வேணாம்" என்றார். வண்டி போன அந்த துக்கத்திலும் பழனிவேலுக்கு லேசாகப் பெருமையாக இருந்தது. பாவி மனுஷன்.

எட்டு மாதம் கழித்து இப்போது அந்தப் போன். மறுநாள் காலை மச்சினன் வினோத்குமார் தன் பைக்கில் அவரைக் கடலூருக்கு அழைத்துப் போனான். வினோத்குமாருக்கு முப்பத்தெட்டு வயது, சொந்தப் படகு, இரண்டு பெண்பிள்ளைகள். இந்த எட்டு மாதமும் விடியலில் கரைக்கு வந்ததும் மீனைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து மாமாவைச் சிதம்பரத்தில் விட்டவன் அவன்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதைத்தான் பழனிவேலால் தாங்க முடியவில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னால் வண்டிகள் கிடந்தன. நின்றன என்று சொல்ல முடியாது. ரிம் வரை மண்ணில் இறங்கிய மொபெட்டுகள், புயலில் கவிழ்ந்து அப்படியே விடப்பட்ட ஒரு ஆட்டோ, மணல் ஏற்றிப் பிடிபட்ட ஒரு டிராக்டர். எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் கேஸ் நம்பர் எழுதியிருந்தது. பெயிண்டும் பாதி அழிந்துவிட்டது. ஒரு புல்லட்டின் சீட்டுக் கிழிசலில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஏட்டு கலியமூர்த்தி கையில் பதிவேட்டோடு முன்னால் நடந்தார். ஐம்பத்தெட்டு வயது. தூக்கம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்ட மாதிரி ஒரு முகம்.

"திருடன் அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிடறான்" என்றார் திரும்பிப் பார்க்காமல். "அத சொந்தக்காரன் கையில திருப்பிக் குடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆவுது. அதுக்குள்ள பாதிப் பேரு வேற வண்டி வாங்கிடறாங்க, கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க. இதோ, உங்களுது."

நிறம் அதேதான். முன்பக்கம் அஞ்சலை ஒட்டிய மாரியம்மன் ஸ்டிக்கர் பாதி கிழிந்து பாதி இருந்தது. நம்பர் பிளேட் மாற்றியிருந்தான், சேஸிஸ் நம்பர் சரியாக இருந்தது. ஆனால் வண்டி ஸ்டாண்டு போட்டு, ஒல்லியாக, ஊரில் எல்லாருடைய ஸ்கூட்டரையும் போல நின்றுகொண்டிருந்தது. சைடு வீல் இல்லை. இரும்புச் சட்டமும் இல்லை. சட்டம் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் நாலு நாலு ஓட்டைகள் மட்டும் துருப்பிடித்திருந்தன.

"ஏட்டய்யா, சக்கரம்?"

"ரெண்டும் இருக்குதே. காத்து அடிச்சா போதும்."

"அது இல்லீங்கய்யா. சைடு வீலு."

கலியமூர்த்தி அப்போதுதான் அவருடைய கட்டைகளைப் பார்த்தார், பிறகு அந்த ஓட்டைகளைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். சிதம்பரத்திலிருந்து வந்த எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"எழுதலியே" என்றார் மெதுவாக. "யாரு எழுதுனது இது? எழுத்து என்னமோ அச்சடிச்ச மாதிரி இருக்குது."

பழனிவேல் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏட்டு உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். சைடு வீலோடு இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று, எடுத்த அன்றைக்கே கழற்றிக் கெடிலம் ஆற்றில் போட்டுவிட்டதாகத் திருடன் சொன்னானாம். "காணாமப் போன சொத்துல அது இல்ல. இல்லாதத நான் எப்படித் தேடறது, சொல்லுங்க" என்றார். குரலில் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

சரி, கிடைத்தவரை கொடுங்கள், நான் மாட்டிக்கொள்கிறேன் என்று உடனே எடுத்துப் போக முடியுமா? அதற்குத்தான் கோர்ட் இருக்கிறது. கேஸ் சிதம்பரத்துடையது, வண்டி கிடப்பது கடலூரில். இங்கிருந்து அங்கே ஒரு கடிதம் போக வேண்டும், அங்கிருந்து இங்கே ஒரு பதில் வர வேண்டும். போன கடிதம் பெறப்படவில்லை என்றார்கள், பிறகு பெறப்பட்டது ஆனால் நகல் இல்லை என்றார்கள். வக்கீல் ஒருவரைப் பிடித்து மனுப்போட்டார். பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் மனு எழுதியவர், தன் மனுவை இன்னொருத்தர் தப்பும் தவறுமாக டைப் அடிப்பதை உட்கார்ந்து பார்த்தார். மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரை பாதியில் உத்தரவு வந்தது.

உத்தரவை வக்கீல் குமாஸ்தா இளவரசு வாசித்துக் காட்டினார். வண்டியை விற்கக் கூடாது. கோர்ட் கேட்கும் நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும். வழக்கு முடியும்வரை நிறம், தோற்றம், அமைப்பு எதையும் மாற்றக் கூடாது.

"அமைப்புன்னா?" என்றார் பழனிவேல். அவருக்குத் தெரியாததல்ல. யாராவது வேறு அர்த்தம் சொல்ல மாட்டார்களா என்றுதான்.

"இப்ப எப்படி இருக்குதோ அப்படியே. ஒரு கண்ணாடி மாத்துனாக்கூட அந்தப் பக்கத்து வக்கீலு இது வேற வண்டின்னு சொல்லுவாரு."

"சைடு வீல் மாட்டலாமா?"

இளவரசு யோசித்தார். "அதுக்குத் தனியா ஒரு மனு போடணும். போலீஸ் பதில் கேப்பாங்க. போலீஸு, எஃப்.ஐ.ஆர்.லயே அது இல்லன்னு எழுதுவாங்க. அப்புறம் ஆர்.டி.ஓ. பர்மிஷன் கேப்பாங்க. ஆர்.டி.ஓ., வண்டி கோர்ட்டு சொத்து, கோர்ட்டக் கேளுன்னு சொல்லும். ஆறு மாசம், எட்டு மாசம்னு வச்சிக்குங்க. போடலாமா?"

வேண்டாம் என்றார் பழனிவேல். அவருக்கு அலுத்துவிட்டது. எலும்பு வரை அலுத்துவிட்டது.

வண்டியை விடுவிக்கும் அன்று, சொந்தக்காரர் வண்டியோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். கோப்பில் வைக்கவாம். ஸ்டுடியோக்காரர், "கட்டையத் தள்ளி வச்சிட்டு வண்டிமேல கைய வச்சு நேரா நில்லுங்க சார்" என்றார். வினோத்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏட்டு கலியமூர்த்திதான் குறுக்கே வந்து, "அவரு நிக்கறதுதான்யா நேர், எடு" என்று அதட்டினார். பதிவேட்டில், வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் பழனிவேல் கையெழுத்துப் போட்டார். வினோத்குமார் தன் பைக்கை ஸ்டேஷன் வாசலிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரை ஓட்டினான். பழனிவேல் தன் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து, மச்சினன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வாய் தவறி, "ரொம்ப நன்றி மச்சான்" என்று சொல்லிவிட்டார். வினோத்குமார் கண்கலங்கிவிட்டான்.

"இன்னா மாமா நீ" என்றான். "நான் இன்னா கண்டக்டரா?"

மறுநாள் அவனே கடலூர் போய்ச் சிங்காரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். சிங்காரம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோர்ட்டையும் போலீஸையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, வெல்டிங் வைக்காமல் வெறும் போல்ட்டில் நிற்கிற ஒரு சட்டம் அடித்து, ரெண்டு சின்னச் சக்கரமும் மாட்டிக் கொடுத்தார். எட்டு நட்டு. பதினேழாம் நம்பர் ஸ்பேனர். கழற்றப் பத்து நிமிஷம், மாட்டக் கால்மணி. "கோர்ட்டுக்குப் போற அன்னிக்குக் கழட்டிடு, மத்த நாளு ஓட்டு. அவுங்களுக்கும் அவுங்க வண்டி இருக்கும், ஒனக்கும் ஒன் வண்டி இருக்கும்" என்றாராம்.

அப்படித்தான் பழனிவேல் மறுபடி தானே போய்த் தானே வர ஆரம்பித்தார். ஆனால் பழைய மாதிரி இல்லை. ரோட்டில் காக்கிச் சட்டையைக் கண்டால் வண்டியைச் சந்துக்குள் திருப்பினார். பொய் எழுதியதில்லை என்று இத்தனை நாள் மார்தட்டிய மனுஷன், இப்போது ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து தினம் வேலைக்குப் போனார். பிடிபட்டால் வண்டி திரும்ப அந்தக் கோழி அடைகாக்கும் இடத்துக்கே போய்விடும். இந்தத் தடவை போனால் வராது என்று அவருக்குத் தெரியும்.

ஆவணியில் சாட்சி சொல்ல சம்மன் வந்தது. வண்டியோடு வர வேண்டும். சிதம்பரம் கோர்ட்டுக்கு எதிரே காத்தவராயன் டீக்கடை. அதன் பின்பக்கம் வண்டியை நிறுத்தி, வினோத்குமார் குந்தி உட்கார்ந்து எட்டு நட்டையும் கழற்றினான். சட்டத்தையும் சக்கரங்களையும் விறகுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினார்கள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்ட, பழனிவேல் கட்டைகளை ஊன்றிப் பின்னாலேயே போனார். போய்ப் பதினோரு மணிவரை நின்றால், திருடனை ஜெயிலிலிருந்து கூட்டிவரக் காவலுக்கு ஆள் இல்லை என்று வாய்தா. அடுத்த தடவை வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள், வாய்தா. மூன்று தடவை கழற்றி, மூன்று தடவை மாட்டினார்கள். நாலாவது தடவை நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் ஏட்டு கலியமூர்த்தி நிற்கிறார். அவருக்கும் அன்று சாட்சி.

வினோத்குமாரின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. ஏட்டு சட்டத்தைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார், பழனிவேலைப் பார்த்தார். காத்தவராயனிடம் ஒரு டீ வாங்கினார். வாங்கி, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஒவ்வொரு வாயாக ஆற அமரக் குடித்தார். வினோத்குமார் எட்டாவது நட்டைக் கழற்றிச் சாக்கை மூடும்வரை அந்த டீ தீரவில்லை.

அன்றைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள், திருடன் உட்பட. இருபத்தைந்து வயது இருக்கும், ரெண்டு பேரின் சட்டையைப் போட்ட மாதிரி இளைத்திருந்தான். பழனிவேல் கட்டைகளை ஊன்றிக் கூண்டுப் படியில் ஏற முடியாமல் நின்றபோது அவன்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டான். மாஜிஸ்திரேட் ஒரு பெண். "அங்கேயே நின்னு சொல்லுங்க, மேல ஏற வேணாம்" என்றார். அவருக்கும் காலையிலிருந்து முப்பது கேஸ் ஆகியிருக்கும், முகத்தில் தெரிந்தது.

புகார் தன்னுடையதுதான், கையெழுத்து தன்னுடையதுதான் என்று பழனிவேல் சொன்னார். வண்டியை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் நின்றது. காட்டினார்.

"கோர்ட்டுல வாங்கினதுக்கு அப்புறம் வண்டியில எதாவது மாத்துனீங்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

"இல்லீங்க" என்றார் பழனிவேல். சத்தம் வரவில்லை. "இல்லீங்க" என்றார் மறுபடி.

அதை எழுதச் சொல்ல வாயெடுத்த மாஜிஸ்திரேட் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். பிறகு அவருடைய கட்டைகளை, அதற்குக் கீழே தொங்கிய கால்களை.

"இந்த வண்டிய யாரு ஓட்டறது?"

"நான்தாங்கம்மா."

"நீங்களா?"

"ஆமாங்கம்மா."

"எப்படி?"

இந்தக் கேள்வியை ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் கேட்கவில்லை. புகார் வாங்கியவர் கேட்கவில்லை, உத்தரவு போட்டவர் கேட்கவில்லை, போட்டோ எடுத்தவர் கேட்கவில்லை. பின்வரிசையில் வினோத்குமார் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். பொய் சொல்ல இடம் இருந்தது. தெம்புதான் இல்லை.

"மீதி ரெண்டு சக்கரம் எதுத்தாப்புல டீக்கடையில இருக்குதுங்கம்மா" என்றார். "விறகுக்குப் பின்னால. கோர்ட்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும் கழட்டிடுவோம். மொதல்லயே இருந்ததுங்க, நான்தான் புகார்ல எழுதாம விட்டுட்டேன். தப்பு என்னுதுதாங்கம்மா. வண்டிய மட்டும் திரும்ப எடுத்துடாதீங்க."

யாரோ ஒருத்தர் சிரிக்க வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்தார். மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார். டைப் அடிக்கிறவரின் விரல் காத்திருந்தது.

"அத எழுத வேணாம்" என்றார் மாஜிஸ்திரேட். "மாத்தலைன்னு சொன்னாரு, அதோட நிறுத்துங்க." பிறகு பழனிவேலைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "போய் மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும் பழனிவேலுக்கு அழுகை வந்தது. அழுதார். வினோத்குமார் பக்கத்தில் நின்றான். கலியமூர்த்தி சாட்சி முடித்து வந்தவர், "நட்டுக்கு கிரீஸ் தடவி வைங்க, இல்லாட்டி துரு புடிச்சு இறுகிடும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பெஞ்ச் கிளார்க் வாசல்வரை வந்து கூப்பிட்டார். போலீஸ் தரப்பு மெக்கானிக் சாட்சி ஒருத்தர் வரவில்லை, இருபத்தி மூணாம் தேதிக்கு வாய்தா, வண்டியோடு வந்துவிட வேண்டும்.

"அதான் அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சே, மாட்டிக்கினே வந்துடலாமா மாமா?" என்றான் வினோத்குமார்.

பழனிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினேழு வருஷமாகக் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவர் அவர். எழுதாததை யார் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"அன்னிக்கு வேற ஜட்ஜு உட்கார்ந்திருந்தா?" என்றார். "ஸ்பேனர பத்திரமா வை மச்சான்."